கரிசல் கணக்கு – 14: செலவு புறப்பட்ட இடம்

சென்ற வாரம் பேட்டை வாசலில் நின்றோம். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர் நாடார் வணிகர்கள் வண்டிக்கும் சரக்குக்கும் காவலாகக் கட்டிக்கொண்ட மதில்களைப் பார்த்தோம். இந்த வாரம் அவர்களுடைய கணக்கைத் திறக்கிறோம். திறந்ததும் கண்ணில் படுவது வரவு, செலவு என்ற இரண்டே சொற்கள். தமிழ்நாட்டில் எந்தப் பெட்டிக்கடை நோட்டைப் புரட்டினாலும் இருக்கும். அன்றாடம் புழங்குவதால் அவற்றை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. எனக்கென்னவோ, இந்தத் தொடரில் இதுவரை பேசிய வண்டிப்பாதை, சந்தை, பேட்டை எல்லாமே செலவு என்கிற அந்த ஒரு சொல்லுக்குள் வந்து கூடுவதாகத்தான் படுகிறது.

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற நான்குவழிச் சாலையில் சூலக்கரை இருக்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. ஊரையொட்டித் தொழிற்பேட்டை. சாத்தூர்ப் பக்கமிருந்து தீப்பெட்டிச் சிப்பம் ஏற்றிய லாரிகளும், விருதுநகர் மண்டிகளுக்குப் பருப்பும் மல்லியும் வத்தலும் கொண்டுவருகிற லாரிகளும் இரவும் பகலும் அந்த வழியாகத்தான் போகின்றன. லாரி செட்டிலிருந்து வண்டி கிளம்புவதற்கு முன்னால் முதலாளி டிரைவர் கையில் ஒரு தொகை கொடுப்பார். டீசல், பேட்டா, சாப்பாடு, பஞ்சர், வழியில் எதிர்பாராமல் வருகிற சில்லறைத் தேவைகள் எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்குப் பெயர் வழிச்செலவு.

இந்தச் சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள். வழியில் ஆகிற பணம் என்று நாம் பொருள் கொள்கிறோம். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு தமிழரிடம் இதே சொல்லைச் சொல்லியிருந்தால், வழியில் நடக்கிற பயணம் என்று புரிந்துகொண்டிருப்பார். பணம் அவர் நினைவுக்கே வந்திருக்காது. செலவு என்றால் செல்லுதல், புறப்பட்டுப் போவது. அவ்வளவுதான்.

வரவுக்கும் அப்படித்தான். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்ற முதல் இயலிலேயே செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கு சொற்களை அடுக்கிக்கொண்டு இலக்கணம் சொல்கிறார் தொல்காப்பியர். எந்தச் சொல்லைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் சொல்வது, எதைப் படர்க்கைக்குச் சொல்வது என்பது அங்கே கேள்வி. பேசுகிறவனை நோக்கி ஒருவர் நகர்ந்தால் வரவு, அவனை விட்டு அப்பால் நகர்ந்தால் செலவு. என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான் என்போம். அவனிடம் சென்றான் என்போம். காசுக்கும் இந்த நூற்பாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் வரவும் செலவும் அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பின்னால் வந்த கணக்குப்பிள்ளை புதிதாக எதையும் ஆக்க வேண்டியிருக்கவில்லை. பேசுகிறவன் இருக்கிற இடத்தில் பணப்பெட்டியை வைத்தான். பெட்டியை நோக்கி வருவது வரவு, பெட்டியை விட்டுப் போவது செலவு என்று எழுதிக்கொண்டான்.

திருக்குறளில் இந்த இடத்தில் வேறு இரண்டு சொற்கள் இருக்கின்றன: ஆகாறு, போகாறு. வலியறிதல் அதிகாரத்தில் வருமானம் வருகிற வழியையும் அது வெளியேறுகிற வழியையும் வள்ளுவர் இப்படிக் குறிக்கிறார். ஆறு என்றால் வழி. அங்கேயும் பணத்துக்கு ஒரு பாதை உண்டு, ஒரு நடை உண்டு.

பழைய அகப்பாடல்களில் செலவு என்ற சொல்லுக்கு இருந்த கனத்தை நாம் இன்று இழந்துவிட்டோம். பாலைத்திணையின் உரிப்பொருள் பிரிவு. தலைவன் பொருள் தேடிப் புறப்பட வேண்டும். வழியோ வறண்ட காடு; நிழல் இல்லை, நீர் இல்லை, ஆறலை கள்வர் உண்டு. வாசல்வரை வந்தவன் தலைவியின் முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்றுவிடுகிறான். இதற்குச் செலவழுங்குதல் என்று பெயர். போகாமல் இருந்துவிடுவது இதன் பொருள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத் தொல்காப்பியர் தனியாகவே விளக்கம் தருகிறார்: அந்தத் தயக்கம் அவளைத் தேற்றுவதற்காக, தேற்றிவிட்டுப் போகத்தான் போகிறான். ஆக, பொருளும் செலவும் முதன்முதலில் சந்தித்துக்கொண்ட இடம் கணக்குப் புத்தகம் அல்ல. பொருளுக்காகச் செலவு மேற்கொள்கிறான் தலைவன். பொருள் வரவேண்டும் என்றால் ஒருவன் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்பது கரிசல்காட்டுக்காரனுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற பூமி இது. பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் விளைந்தால் உண்டு. மழை பொய்த்த வருஷம் வண்டியைப் பூட்டவேண்டியதுதான்.

போகிற போக்கில் இன்னொன்று. யாழிசைப்பவர் விரல்கள் நரம்பின்மேல் செய்கிற எட்டு வகைத் தொழில்களைச் சிலப்பதிகாரத்துக் கானல்வரி சொல்கிறது. அவற்றில் ஐந்தாவதின் பெயர் செலவு. பண்ணின் வழியே விரல் நடந்துபோவது. இத்தனை அழகான இடத்தில் இருந்த சொல் இது.

அது எப்போது காசின் பக்கம் திரும்பியது? ஒரே நாளில் திரும்பியிருக்க முடியாது. ஆனால் அது திரும்பிக்கொண்டிருந்த காலத்தைக் கல்லிலேயே பார்க்கலாம். சோழர் காலத்து நிலவிற்பனைக் கல்வெட்டுகளில் வாய்பாடு போல ஒரு தொடர் வரும்: ‘ஆவணக்களியே கைச்செலவறக் கொண்டு’. நிலத்தை விற்றவர்கள் விலைப்பொருள் முழுவதையும் பாக்கியில்லாமல் கையில் பெற்றுக்கொண்டோம் என்று எழுதித் தருகிற உறுதிமொழி. இன்றைய கிரயப் பத்திரத்தில் ‘கிரயத் தொகை முழுவதும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதுகிறோமே, அதன் மூதாதை. கைச்செலவு என்பதில் உள்ள செலவை என்னவென்று சொல்வது? ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பொன் செல்கிறது. பயணம் இன்னும் முடியவில்லை. பணம் அந்தப் பயணத்தில் ஏறிக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சபையோர் முன்னிலையில் பொன் கைமாறுகிற அந்த நேரத்தில் செலவு என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாக நிற்கின்றன.

இதே வேரிலிருந்து கிளைத்த சொற்களைச் சந்தைக்காரர்கள் அளவுக்கு வேறு யாரும் பயன்படுத்துவதில்லை. காசு செல்லும், செல்லாது. செல்லாக்காசு. செல்லுபடி. அந்நியச் செலாவணி. இவற்றில் எனக்கு வியப்பானது ‘செலுத்து’ என்ற வினை. வண்டியைச் செலுத்துகிறோம், வரியைச் செலுத்துகிறோம். மாட்டை ஓட்டுவதற்கும் பணம் கட்டுவதற்கும் ஒரே சொல். தானாகப் போனால் செல்லும். நாம் போகச் செய்தால் செலுத்துகிறோம்.

அண்டை மொழிகளுக்கும் இந்த வேர் சொந்தம். மலையாளத்தில் செலவு என்றால் நம்மைப்போலவே பணச்செலவு. கன்னடத்தில் சல்லு என்றால் செல்லுபடியாவது. சல்லிசு என்றால் செலுத்துவது, அளிப்பது. தெலுங்குக்காரர் வழிதான் தனி வழி. அங்கே செலவு என்றால் விடுப்பு. பள்ளிக்கூடத்துக்குச் செலவு என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்; விடைபெற்றுப் போகிறவர் ‘இக செலவு’ என்று கும்பிடுவார். புறப்பட்டுப் போக அனுமதி என்ற பொருள் அங்கே விடுமுறையாக விரிந்துவிட்டது. பல தலைமுறைகளாகத் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைந்த கரிசல் சீமையில் இதை நினைத்துப் பார்ப்பது சுவையானது.

வடமொழிக்குப் போனாலும் இதே கதைதான். வ்யய என்ற சொல்லில் உள்ள வேரின் பொருள் போவது. விலகிப் போவது வ்யயம். அதற்கு இணையான ஆய என்ற சொல்லில் அதே வேர் நம்மை நோக்கி வருகிறது. இந்த வ்யயம்தான் தமிழில் விரயமாக வந்து பஞ்சாங்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சித்திரைப் பிறப்பன்று ராசிவாரியாக ஆதாயம் இவ்வளவு, விரயம் இவ்வளவு என்று வாசிப்பார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியில் இருபதாம் ஆண்டின் பெயர் விய, அதுவும் இதுதான். ஜாதகத்தில் பன்னிரண்டாம் இடம் விரய ஸ்தானம். அதே பன்னிரண்டாம் இடத்தை வைத்துத்தான் தூரதேசப் பயணத்தையும் சொல்கிறார்கள். ஜோசியத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பணம் போவதையும் ஆள் போவதையும் ஒரே கட்டத்தில் வைத்த பழைய மனசு அதில் தெரிகிறது. ஆங்கிலத்தில் காஸ்ட் என்கிற சொல்லின் வேர் லத்தீனில் ‘நிற்பது’ என்ற பொருளுடையது. ஒரு பொருள் இன்ன விலையில் நிற்கிறது என்ற எண்ணம். அவர்கள் கடையில் நின்று பார்த்திருக்கிறார்கள். நம்மவர்கள் பாதையில் நடந்து பார்த்திருக்கிறார்கள்.

இனி வண்டிப்பாதைக்கு வருவோம்.

1801இல் பாளையக்காரர் போர்கள் முடிந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், தென்திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாடார் வணிகர்கள் வடக்கே வந்து இந்தக் கரிசல் ஊர்களில் குடியேறியதை முன்பே சொல்லியிருக்கிறேன். உப்பு, கருவாடு, கருப்பட்டி, புகையிலை ஆகியவை அவர்களுடைய ஆரம்பகாலச் சரக்கு, பிறகு பருத்தி. விருதுபட்டியிலிருந்து, அதாவது இன்றைய விருதுநகரிலிருந்து, தூத்துக்குடி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாரமேற்றிய மாட்டுவண்டி ஒரு நாளில் முப்பது கிலோமீட்டர் போனால் பெரிது. ஆக, போக மூன்று நான்கு இரவு, திரும்ப அதே அளவு.

அந்த இரவுகளில் ஒவ்வொன்றும் காசு. மாட்டுக்கு வைக்கோல், பருத்திக்கொட்டை, புண்ணாக்கு. அச்சுக்கு வண்டிமசி. தேய்ந்த லாடத்தை மாற்ற லாடக்காரருக்குக் கூலி. சமையலுக்கு விறகு. சாவடியில் படுக்க, கிணற்றில் இறைக்கச் சில இடங்களில் காசு. சில இடங்களில் காசு கொடுத்தாலும் கிடைக்காது, ஏனென்றால் சாதி பார்ப்பார்கள். வழிக்காவல்காரர்களுக்குக் காவல்கூலி. அதைக் கொடுக்க மறுத்தால் மூட்டை இருக்காது, மாடு இருக்காது. வண்டி சொந்தமாக இல்லாதவர் வண்டிச்சத்தம் கொடுக்கவேண்டும். சத்தம் என்றால் வாடகை. தென்பாண்டியில் பெரியவர்கள் வாயில் அந்தச் சொல் நெடுங்காலம் இருந்தது.

இப்படி ஒரு பயணம் போய்வந்த வணிகர் ஊரில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது, எதை எழுதினாலும் அது வழியில் ஒரு இடத்தைக் குறிக்கும். சாத்தூரில் வைக்கோல், கோவில்பட்டியில் லாடம், எட்டயபுரத்துச் சந்தையில் தீனி என்றால், கணக்கில் மேலிருந்து கீழே இறங்கினால் பாதையிலும் இறங்கலாம். செலவுப் பத்தியை வாசித்தால் செலவை வாசிக்கலாம். ஒரு சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் இருந்ததற்கு, பாதையில் வாழ்ந்த வணிகமே காரணம் என்று நான் நம்புகிறேன். அகராதியில் உட்கார்ந்துகொண்டு மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மண்டிக்காரர்களிடம் இன்றும் இருக்கிற இன்னொரு சொல் அடக்கம். கொள்முதல் செய்த விலையோடு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வாடகை, தரகு என்று வழியில் சேர்ந்த அத்தனையும் சேர்த்துப் பார்த்தால் வருவது அடக்கவிலை. ‘அடக்கம் என்ன ஆச்சு?’ என்று கேட்பார்கள். சாத்தூர்ச் சம்பா வத்தல் ஒரு மூட்டையைத் தொட்டுப் பாருங்கள். கையில் படுவது வத்தல்தான், ஆனால் அதன் அடக்கத்துக்குள் அது கடந்த ஊர்களெல்லாம் அடங்கியிருக்கின்றன. விலையை விற்கிறவர் சொல்லலாம், வாங்குகிறவர் குறைத்துக் கேட்கலாம். அடக்கத்தில் பேரம் கிடையாது. அது நடந்து முடிந்துவிட்ட ஒன்று.

மகமை வந்த இடம் இதுதான். பேட்டைக்குள் வருகிற ஒவ்வொரு மூட்டைக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் சிறு தொகை. மதிலும் கிணறும் காவலும் அந்தக் காசில்தான் நடந்தன. வணிகர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரி அது. அரசாங்கம் கேட்கவில்லை, அவர்களுடைய ஊர்ச் சமூகச் சபையான உறவின்முறை கேட்டது. முறைகாரர்கள் முறைவைத்து வசூலித்துக் கணக்கு ஒப்படைத்தார்கள்.

இந்த வழக்கம் அவர்களோடு தொடங்கியதல்ல. இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிற பிரான்மலை, 1985க்கு முன் விருதுநகரோடு ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஐந்நூற்றுவர் என்று புகழ்பெற்ற வணிகக் குழுவினர் கூடி, இன்னின்ன சரக்குக்கு இவ்வளவு என்று தாங்களே வரையறுத்து, அதைக் கோயிலுக்கு எழுதிவைத்த செய்தி அது. உப்பு, நெல், மிளகு, பாக்கு, இரும்பு, பருத்தி, நூல், மெழுகு, சந்தனம் என்று நீள்கிறது பட்டியல். மூட்டைக்கு ஒரு கணக்கு, தலைச்சுமைக்கு ஒரு கணக்கு. இதுபோன்ற கொடைக்குப் பட்டணப்பகுதி என்று பெயர். விருதுநகர்ப் பேட்டையின் மகமையையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்கு, ஏறத்தாழ அறுநூறு ஆண்டு இடைவெளி இருப்பதே மறந்துபோகும்.

கணக்கில் மகமையை எங்கே எழுதினார்கள்? செலவில்தான். ஏற்றுக்கூலிக்கும் தரகுக்கும் பக்கத்தில். தர்மம் என்று தனியாக ஒரு பெருமை கொடுக்கவில்லை. சரக்கை நகர்த்த ஆகிற செலவுகளில் அதுவும் ஒன்று. மூட்டையின் அடக்கத்துக்குள்ளேயே தர்மமும் அடங்கிவிட்டது. இதைவிட நேர்மையான ஏற்பாடு எனக்குத் தெரியாது. லாபம் வந்தால் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட வழியே இல்லை.

காவலுக்கும் கிணற்றுக்கும் போக மிஞ்சிய மகமை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு திசையில் செலுத்தப்பட்டது. நாடார்களுக்குக் கோயிலுக்குள் நுழையத் தடை, பொதுக் கிணற்றில் தடை, தெருவில் தடை என்றிருந்த காலம். 1899 ஜூன் 6ஆம் தேதி சிவகாசியில் நாடார்களைக் குறிவைத்து நடந்த கொள்ளையின் கதையை இரண்டு வாரங்களுக்கு முன்னால் பார்த்தோம். அதற்கு முன்பே, 1880களில், விருதுபட்டி உறவின்முறை மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. அதுதான் க்ஷத்ரிய வித்யாசாலா. ஊர் வழக்கில் கே.வி.எஸ். வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். வீட்டுப் பெண்களுக்கு மூட்டை ஏது? அவர்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்தார்கள். கலயத்து அரிசியைச் சேகரித்து விற்றுப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். பிடி அரிசி என்று இன்றும் ஊரில் பெரியவர்கள் சொல்வது அதைத்தான்.

அந்தப் பிடியைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். உலைக்கு அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி குறைகிறது. வீட்டில் சாப்பிடுகிறவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. அந்த ஒரு பிடி யார் தட்டிலிருந்து குறைந்திருக்கும் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை. பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவளின் தட்டிலிருந்துதான் குறைந்திருக்கும். மகமைக்கு நோட்டு இருந்தது, முறைகாரர் இருந்தார், ஒப்படைப்பு இருந்தது. பிடி அரிசிக்குக் கலயம் மட்டும்தான். விருதுநகர்க் கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மகமைக்குக் கொடுக்கிற இடத்தைக் கலயத்துக்கும் கொடுக்கவேண்டும்.

1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில் பிறந்த காமராசர் படித்தது இந்த வித்யாசாலாவில்தான். குடும்பச் சூழலால் படிப்பை நடுவில் விட்டவர். 1956இல் முதலமைச்சராக இருந்து பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் கொண்டுபோனபோது, அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் சோற்றுக்கு ஒரு வரி ஏறியது. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போகிறவர்கள் கே.வி.எஸ். பொருட்காட்சியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இருப்பதும் இந்தப் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். 1947இல் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரியும் இதே பாதையில் வந்ததுதான்.

செலவு என்று தமிழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதையும் இங்கே பார்த்துவிட வேண்டும். மூட்டை கிழிந்து வழியில் வத்தல் சிந்தினால் அது சேதம். காய்ந்து எடை வற்றினால் கழிவு. விலை இறங்கி அடக்கத்துக்குக் கீழே விற்க நேர்ந்தால் நட்டம். இவை எதையும் எந்த மண்டிக்காரரும் செலவு என்று எழுதமாட்டார். கை தெரிந்து அனுப்பினால்தான் செலவு. எங்கே போனது என்று கேட்டால் பதில் இருக்கவேண்டும். கையை மீறிப் போனது செலவல்ல. செலவுக்கு ஆள் பொறுப்பு.

இந்த வேறுபாடு பட்டாசு வட்டாரத்தில் உயிரோடு சம்பந்தப்பட்டது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் விபத்து இல்லாத ஆண்டு அரிது. மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. அந்த விதிப்படி அறை கட்டுவது, ஆளைக் குறைப்பது, மருந்தைக் குறைப்பது எல்லாம் செலவு. அந்தச் செலவைச் செய்யாமல் விட்டால் மிஞ்சுவது உயிர்ச்சேதம். நம் மொழி உயிரைச் செலவுக் கணக்கில் எழுத இடம் கொடுக்கவில்லை. அதைச் சேதம் என்றே சொல்கிறது. அப்படியே சொல்லவேண்டும். பட்டாசுப் பெட்டியின் அடக்கவிலையில் ஒரு தொழிலாளியின் உயிரை யாரும் மறைமுகமாகக்கூடச் சேர்த்துவிடக் கூடாது.

தீப்பெட்டிக்கு வருவோம். 1923இல் சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தொழிலைத் தொடங்கியதிலிருந்து, தீப்பெட்டியின் விலை ஒவ்வொரு காசாகப் போராடி ஏறியிருக்கிறது. 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய். அடுத்த பதினான்கு ஆண்டு ஏறவில்லை. 2021 அக்டோபரில் ஐந்து தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் சிவகாசியில் கூடி, டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் என்று முடிவு செய்தன. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, டீசல் எல்லாம் ஏறிப்போனதைக் காரணமாகச் சொன்னார்கள். 600 பெட்டி கொண்ட பண்டல் ஆலையில் 270 ரூபாயிலிருந்து 300 ரூபாய்வரை விற்றது. அதை 430 முதல் 480 ரூபாய்வரை உயர்த்துவதாக அறிவித்தார்கள். அறிவிப்போடு ஒரு பிற்சேர்க்கை: 12 சதவீத ஜி.எஸ்.டி. தனி, போக்குவரத்துச் செலவு தனி. வாசலைத் தாண்டுகிற வரைக்கும் ஒரு விலை. தாண்டிய பிறகு செலவு. தூத்துக்குடிக்கு வண்டி பூட்டிய காலத்துக் கணக்கு முறை அப்படியே இருக்கிறது.

மகமையின் பின்கதையையும் சொல்லிவிடுகிறேன். வருமான வரி வந்த பிறகு, வணிகர்கள் வாங்குபவரிடம் சரக்கின் விலையோடு சேர்த்து வசூலிக்கிற தர்மத் தொகை அவர்களுடைய வருமானமா இல்லையா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. வடக்கே இதற்கு தர்மாதா என்று பெயர். உத்தரப் பிரதேசத்து ஹாத்ரஸ் ஊரின் பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் 1979இல் உச்சநீதிமன்றம், தர்மாதாவாக வசூலித்த தொகை தர்மத்துக்கென்றே குறிக்கப்பட்டது, அது வணிகரின் வருமானம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பணம் வணிகரிடம் வந்து தங்கவில்லை, அவர் கை வழியாகச் செல்கிறது, அவ்வளவுதான் என்பது அதன் சாரம். கைச்செலவு என்று சோழர் காலத்துக் கல்வெட்டு எழுதியதை நீதிமன்றம் வேறு மொழியில் எழுதியிருக்கிறது.

சூலக்கரைத் தொழிற்பேட்டையின் பெயரில் பழைய பேட்டை இருக்கிறது. ஆனால் மதில் இல்லை, வண்டி அவிழ்க்கிற களம் இல்லை, காவல்கூலியும் இல்லை. அதற்குப் பதிலாகச் சாத்தூர்ப் பக்கம் எட்டூர்வட்டம் சுங்கச்சாவடி இருக்கிறது. பணம் லாரிக்காரரின் கணக்கிலிருந்து, வண்டி நிற்பதற்குள், தானாகப் போய்விடுகிறது. எவ்வளவு போனது என்பது செல்போனில் குறுஞ்செய்தியாக வந்தபிறகுதான் தெரியும். கையால் எடுத்துக் கொடுக்காத செலவு கரிசல் சாலைக்குப் புதிது.

வண்டிச்சத்தத்தை முதன்முதலில் ஆட்டம் காண வைத்தது ரயில். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 1876இல் பாதை ஓடத் தொடங்கியதும் நான்கு இரவுப் பயணம் ஒரு பகலுக்குள் சுருங்கியது. பாதையோரத்துச் சாவடிகளும் லாடக்காரர்களும் வைக்கோல் வியாபாரிகளும் என்ன ஆனார்கள், விருதுபட்டி மட்டும் எப்படிச் சந்தையாகவே நிலைத்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)